வாழ்நாள் முழுவதற்கும் ஒரு வீடு

(கட்டிடத் தொழிலாளர்களும் அடுக்குமாடிக் குடியிருப்பு மக்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)



இங்கே கூடியிருக்கும் உங்களில் பாதிப் பேர் வீடு கட்டுகிறவர்கள். மீதிப் பேர் அப்படிக் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள். இரண்டுமாக இருப்பவர்களும் பலர் உண்டு. உங்களிடம் வந்து வீட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம்தான். ஆனாலும் இன்று அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்திருக்கிறோம். நாம் கட்டும் வீட்டில் நாமே ஒருநாள் வாழ முடியாமல் போகிறதே, அது ஏன் என்பதுதான் இன்றையப் பேச்சு.

நம்மோடு வேலை செய்த கொத்தனார் ஒருவரின் கதையிலிருந்து தொடங்குவோம். பெயர் வேண்டாம், உங்களில் பலருக்குத் தெரிந்தவர்தான். முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர். எத்தனை மாடிக்குப் படி கட்டினார் என்ற கணக்கு அவருக்கே தெரியாது. ஒருநாள் சாரம் சரிந்தது. முதுகெலும்பில் அடி. உயிர் தப்பியது, கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. சக்கர நாற்காலி ஒன்றும் கிடைத்தது. அவர் வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. ஆகவே நாற்காலி கீழே, படிக்கட்டுக்கு அடியில், சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது. அவர் மேலே, பாயில் கிடந்தார்.

நாங்கள் பார்க்கப் போனபோது விபத்து நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் ஐந்து தடவைதான் அவர் கீழே இறங்கியிருக்கிறார். ஐந்து தடவையும் நாலு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். "உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் தோளில் போகிறேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எங்களில் ஒருவராலும் சிரிக்க முடியவில்லை.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "கக்கூஸ் கதவை மூன்றடி வை என்று பிளானில் எழுதியிருந்தால், நான் வைத்திருக்க மாட்டேனா? படியைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் சரிவு ஒன்று போடு என்று சொல்லியிருந்தால், போட்டிருக்க மாட்டேனா? எவனும் சொல்லவில்லையே!"

தோழர்களே, இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாம் இன்று கூடியிருக்கிறோம்.

யாருடைய பிரச்னை?

இது யாரோ சில துரதிர்ஷ்டசாலிகளின் பிரச்னை என்று சிலர் நினைக்கலாம். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அறுபது வயதைத் தாண்டியவர்கள் நாடு முழுவதும் பத்துக் கோடிக்கு மேல். நம் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். இந்த எண்ணிக்கைகளே சிறியவை அல்ல. ஆனால் இவற்றோடு கணக்கு முடிந்துவிடவில்லை.

ஒரு வீட்டுக்குள் ஒரு மனிதனின் ஆயுள் எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். குழந்தையாக அவன் வாசற்படியில் தவழ்ந்து விழுகிறான். அவனை வயிற்றில் சுமந்தபோது அவன் தாய் ஏழாம் மாதத்திலும் தண்ணீர்க் குடத்தோடு படி ஏறியிருக்கிறாள். வாலிபத்தில் வேலைத்தலத்தில் கால் முறிந்து, மூன்று மாதம் கட்டுப்போட்டுக் கிடக்கிறான். நாற்பதில் மூட்டு வலி, ஐம்பதில் சர்க்கரை நோய்ப் புண், அறுபதில் கண் மங்கல், எழுபதில் பக்கவாதம். எண்பதில், இரவு எழுந்து கழிப்பறைக்குப் போகும் பத்தடி தூரமே அவனுக்குப் பெரும் பிரயாணமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் வீடு ஒன்றுதான். மனிதன் மாறிக்கொண்டே இருக்கிறான், வீடு மாறுவதில்லை. இருபத்தைந்து வயதுள்ள, கைகால் திடமான ஓர் ஆண்பிள்ளை மட்டுமே உலகத்தில் உண்டு, அவனுக்கு என்றைக்கும் இருபத்தைந்துதான் என்று எண்ணிக்கொண்டு பிளான் போடுகிறார்கள். அப்படிப்பட்ட மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்?

குறை மனிதனிடமா, சுவரிடமா?

விக் பிங்கெல்ஸ்டீன் என்று ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். கம்யூனிசத்தை ஒடுக்கும் சட்டம் என்று அங்கே இருந்த கொடுங்கோல் சட்டத்தின் கீழ்த் தடையுத்தரவுக்கு ஆளானவர். 1968ல் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர். அவரே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்.

அவர் ஒரு கற்பனைக் கிராமத்தைப் பற்றி எழுதினார். அந்தக் கிராமத்தில் எல்லோருமே சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். ஊரை நிர்வகிப்பவர்களும் அவர்களே. வீடு கட்டத் திட்டம் போடுபவர்களும் அவர்களே. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு உயரமான கதவு எதற்கு? ஆகவே கதவுகளையும் கூரையையும் தாழ்த்திக் கட்டிக்கொண்டார்கள். பிறகு, நடக்கக்கூடிய சிலர் அந்த ஊருக்குக் குடிவந்தார்கள். போகிற வழியெல்லாம் நிலையில் தலை இடித்தது, நெற்றியெல்லாம் வீக்கம், குனிந்து குனிந்து முதுகு வலி. ஊர் வைத்தியர்கள் கூடி ஆராய்ந்து, "இவர்கள் ஒரு வகை ஊனமுற்றவர்கள்" என்று முடிவு கட்டினார்கள். தலைக்குக் கவசம் கொடுத்தார்கள். கதவை உயர்த்த வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை!

கதை வேடிக்கையானது, அதன் கருத்து வேடிக்கையானதல்ல. நம் கொத்தனார் தோழரின் கால்களை முடக்கியது விபத்து. அவரை எட்டு மாதம் வீட்டுக்குள் அடைத்தது விபத்தா? அதைச் செய்தது மூன்று மாடிப் படிக்கட்டு. கால்களை வைத்தியர்களால் திருப்பித் தர முடியவில்லை. ஆனால் தெருவை அவருக்குத் திருப்பிக் கொடுப்பது கட்டிடம் கட்டுகிறவர்களால் ஆகக்கூடிய காரியம்.

நம் மாநிலத்தில் 2010ல் "ஊனமுற்றோர்" என்ற சொல்லை மாற்றி "மாற்றுத் திறனாளிகள்" என்று அழைக்கத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம், வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறியதே தவிர, வாசற்படி மாறவில்லை.

என்னதான் செய்ய வேண்டும்?

அப்படியானால் ஒவ்வொரு வீட்டையும் ஆஸ்பத்திரி போலக் கட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். வீடு வீடாகவே இருக்கட்டும். பிற்காலத்தில் தேவை மாறும்போது, சுவரை இடிக்காமல் மாற்றிக்கொள்ளத் தக்க விதத்தில் முதலிலேயே கட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என்ன தேவை என்று கொத்தனார் பாஷையிலேயே சொல்கிறோம்.

முதலாவது, வாசல். படி இல்லாத வழி ஒன்றாவது வீட்டுக்குள் போக வேண்டும். சரிவுப்பாதைக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓரங்குலம் உயர, ஓரடி நீளம் வேண்டும். ஆறங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் பதினெட்டு அங்குலம்; சரிவு பதினெட்டு அடி. இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் அது சரிவு அல்ல, சறுக்குமரம். பல இடங்களில் அதிகாரிகள் வந்து பார்ப்பதற்காகக் கட்டி வைத்திருக்கும் சரிவுகள் இந்த ரகம்தான். அவற்றில் ஏற முயன்றால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

இரண்டாவது, கதவு. கழிப்பறைக்கு இரண்டரை அடி நிலை வைக்கிறோம். இரு பக்கக் கட்டைகளும் திறந்த கதவின் கனமும் போக, உள்ளே கிடைக்கும் வழி ஏறத்தாழ இரண்டடிதான். சக்கர நாற்காலியின் அகலமோ அதைவிட அதிகம். ஆகவே நாற்காலி கழிப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது. மூன்றடி வழி கிடைக்குமாறு நிலை வைத்தால் விஷயம் முடிந்தது. செங்கல் கொஞ்சம் குறையும், பலகை கொஞ்சம் கூடும். வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் பிறகு மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும், லிண்டலை மாற்ற வேண்டும், பூச வேண்டும். அது கூலிக்காரன் வீட்டில் நடக்காத காரியம். இன்னொன்று: கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் வயதான ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவுக்கு முட்டாகிவிடும். காப்பாற்றப் போனவன் வெளியே நின்று தவிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, குளியலறைத் தரை. அடுக்குமாடிகளில் குளியலறைக்கு முன்னால் ஒரு படி முளைப்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சிலாப்புக்கு மேலே குழாயைப் போட்டு, அதை மூடத் தரையை உயர்த்துகிறார்கள். கான்கிரீட் போடும்போதே அந்த இடத்தில் சிலாப்பைத் தாழ்த்திவிட்டால் குழாய் பள்ளத்துக்குள் அடங்கும், தரை மட்டமாகும், தண்ணீர் வெளியே வராமல் லேசான வாட்டம் போதும். இதைக் கம்பி கட்டும் நாளில் தீர்மானிக்க வேண்டும். மறுநாள் தீர்மானித்தால் பிரயோஜனமில்லை.

நான்காவது, சுவர். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி இன்று வேண்டாமென்றாலும் நாளை வேண்டும். ஒரு ஆள் முழுப் பாரத்தோடு தொங்கினாலும் பெயராத சுவராக அது இருக்க வேண்டும். உள்ளீடற்ற கல் வைத்துக் கட்டினால், கம்பி வரக்கூடிய உயரத்தில் மட்டும் கல்லுக்குள் கான்கிரீட் நிரப்பிவிட்டால் போதும்.

ஐந்தாவது, எட்டும் உயரம். ஸ்விட்சும் பிளக்கும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழேயும் நாலடிக்கு மேலேயும் இருக்க வேண்டியதில்லை. ஜன்னலின் அடிமட்டம் இரண்டே முக்கால் அடிக்கு மேற்படாமல் இருந்தால், படுக்கையிலோ நாற்காலியிலோ இருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவைப் பார்ப்பதென்ன பெரிய விஷயம் என்று எண்ணுகிறவர்கள், எட்டு மாதம் சுவரையே பார்த்துக் கிடந்த அந்தத் தோழரைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஐந்தில் எது ஆடம்பரம்? எதற்கு வெளிநாட்டுச் சாமான் வேண்டும்? ரசமட்டமும் அளவு நாடாவும் போதாதா?

இங்கிலாந்து சொல்லும் பாடம்

இந்தக் கருத்தை ஒரு நாடு முப்பது வருஷத்துக்கு மேலாகப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. அதன் வெற்றியும் தோல்வியும் இரண்டுமே நமக்குப் பாடம்.

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளையும் ஹாபின்டெக் என்ற வீட்டுச் சங்கமும் வேறு சில நிபுணர்களும் சேர்ந்து "வாழ்நாள் வீடு" என்ற திட்டத்தை வகுத்தார்கள். பதினாறு விதிகள். இப்போது நாம் சொன்ன வாசல், கதவு, சுவர், ஸ்விட்சு எல்லாம் அதில் உண்டு. மாடி வீடானால், கீழ்த்தளத்திலேயே கழிப்பறையும் அவசியமானால் ஒரு கட்டில் போட இடமும் இருக்க வேண்டும். பின்னொரு நாள் கீழிருந்து மேலே ஒரு சின்ன லிப்ட் வைக்க இடம் விட்டிருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

நல்ல திட்டம். எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் புகழ்ந்தவர்கள் எல்லோரும் கட்டினார்களா? இல்லை. நல்ல மனம் படைத்த வீட்டுச் சங்கங்கள் கட்டின. விற்பனைக்கு வீடு கட்டும் கம்பெனிகளில் பெரும்பாலானவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1999ல் கட்டிட விதிகள் திருத்தப்பட்டன. புதிய வீடு எதுவானாலும் படியில்லாத வாசலும், அகலமான கதவும், நுழைவுத் தளத்தில் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாயிற்று. வாழ்நாள் வீட்டின் பதினாறு விதிகளும் வந்துவிடவில்லை. விருந்தாளி ஒருவர் நாற்காலியில் வந்து போகக்கூடிய அளவுக்கு மட்டுமே வந்தது. ஆனாலும் அது சட்டம்; ஆகவே கட்டினார்கள். முந்திய நாள் வரை "முடியாது, கட்டுப்படியாகாது" என்றவர்கள் மறுநாள் கட்டினார்கள்! லண்டன் நகரம் 2004ல் இன்னும் ஒரு படி முன்னே போனது. புதிய வீடுகள் எல்லாம் வாழ்நாள் வீட்டு விதிப்படி இருக்க வேண்டும், பத்தில் ஒரு வீடு சக்கர நாற்காலியில் வாழ்பவர் குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று தன் நகரத் திட்டத்தில் எழுதியது.

2008ல், 2013க்குள் நாட்டின் புது வீடுகள் எல்லாமே இப்படி அமைய வேண்டும் என்று அந்நாட்டு சர்க்கார் இலக்கு வகுத்தது. 2010ல் ஆட்சி மாறியது, இலக்கு கைவிடப்பட்டது. 2015ல் விதிகளை மூன்று தரமாகப் பிரித்தார்கள். மிகக் கீழ்த் தரம் மட்டும் கட்டாயம். வாழ்நாள் வீட்டுக்கு ஒப்பான நடுத் தரத்தை அந்தந்த உள்ளூராட்சி வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 2022ல் மீண்டும், நடுத் தரத்தையே எல்லோருக்கும் கட்டாயமாக்குவோம் என்று அறிவித்தார்கள். அதனால் வீடொன்றுக்குக் கூடுதலாகும் செலவு சுமார் 1,400 பவுன் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. அங்கே ஒரு புது வீட்டின் விலை லட்சக்கணக்கான பவுன். அதில் இது எம்மாத்திரம்? ஆனால் 2024 முடிந்தபோதும் அந்த அறிவிப்பு சட்டமாகவில்லை.

பலன் என்ன? 2018ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில், இங்கிலாந்தின் வீடுகளில் நூற்றுக்கு ஒன்பதில்தான் மிக அடிப்படையான நான்கு வசதிகளும் இருந்தன. படியில்லாத வழி, தடுக்காத வாசல், அகலமான கதவும் நடையும், நுழைவுத் தளத்தில் கழிப்பறை ஆகியவையே அந்த நான்கு.

தோழர்களே, கவனியுங்கள். அறிவு குறைவால் அங்கே தாமதம் ஏற்படவில்லை. அறிவு 1990களிலேயே இருந்தது. பணக் குறைவால் ஏற்பட்டது என்றும் சொல்ல முடியாது. கட்டாயம் இருந்த இடத்தில் வீடு மாறியது. விருப்பத்துக்கு விட்ட இடத்தில் பழைய வீடே எழுந்தது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்காரின் வீட்டு வசதித் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து வீடுகளை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பெண்களுக்கு அதில் உரிய முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் வழிகாட்டிகள், கீழ்த்தள வீடுகளை முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் முன்னுரிமையாகக் கொடுக்கச் சொல்கின்றன. இவற்றை நாம் அறிந்திருக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் நூற்றில் ஐந்து வீட்டை ஒதுக்குவது ஒன்று. நூறு வீட்டையும் எல்லோரும் வாழத்தக்கதாகக் கட்டுவது வேறொன்று. ஒதுக்கீடு செய்யும் நாளில் திடமாக இருந்தவர் பத்து வருஷத்தில் முடங்கினால், அவருக்கு எந்த ஐந்து?

கட்டிடங்களுக்கான மத்திய சர்க்காரின் அளவு விதிகளும் 2016லும் 2021லும் வெளியாயின. அளவுகள் நல்ல அளவுகளே. குறை எங்கே என்றால், அவை பெரும்பாலும் சிபாரிசாகவே எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ராஜீவ் ரதூரி வழக்கில் இதைத்தான் எடுத்துக் காட்டியது. "செய்யலாம்" என்று மட்டும் சொல்லும் விதி, "செய்தே தீர வேண்டும்" என்று சொல்லும் சட்டத்துக்கு ஒத்ததல்ல என்று கூறி, அந்த விதி செல்லாது என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பு பெரிய ஆயுதம். ஆனால் அதன் பேச்சு பிரதானமாக ஆபீசு, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களைப் பற்றியது. அந்த இடங்களுக்குப் போவதற்கு முதலில் மனிதன் தன் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாமா? ரயில் நிலையத்தில் சரிவுப்பாதை போட்டுவிட்டு, வீட்டு வாசலில் மூன்று படியை விட்டுவைத்தால் அந்தச் சரிவில் யார் ஏறப் போகிறார்கள்?

ஆட்சேபணைகளுக்குப் பதில்

நம்மை எதிர்த்துச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒதுக்கித் தள்ளாமல் நேராகப் பார்ப்போம்.

"மழை வெள்ளம் வருகிறதே, அடித்தளத்தை உயர்த்தாமல் எப்படி?" என்பது ஒன்று. நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் சென்னையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடித்தளத்தை உயர்த்தத்தான் வேண்டும். இரண்டடி உயர்த்தினால் இருபத்துநாலடி சரிவு வேண்டும். ஒண்டிக் குடித்தன வாசலில் அதற்கு இடமில்லை. ஆனால் பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு தாழ்வாரம் கட்டி, அதன் கோடியில் ஒரே ஒரு சரிவு போட்டால் பத்து வீட்டுக்கும் வழி ஆயிற்று. நம் பழைய தெருக்களில் திண்ணைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கவில்லையா? தனித்தனியே முடியாதது சேர்ந்து கட்டும்போது முடிகிறது.

"ஏழைக்குக் கட்டுவது சின்ன வீடு; அதில் இதற்கெல்லாம் இடமேது?" என்பது இரண்டாவது. கிராமப்புறப் பிரதமர் திட்டத்து வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். உண்மையில் சின்ன வீடுகள்தான். இன்னும் பெரிதாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆனால் கதவு வெளியே திறப்பதற்கும், ஸ்விட்சைக் கீழே இறக்குவதற்கும், சுவரைக் கெட்டியாக்குவதற்கும் ஒரு சதுர அடிகூட வேண்டாம். அதோடு, எல்லாம் ஒரே தளத்தில் இருக்கும் சின்ன வீடுதான் இந்த வேலைக்கு மிகவும் சுலபமான வீடு. சின்ன வீட்டில் வாழ்கிறவனுக்கு வேறு அறைக்கு மாறிக்கொள்ளும் வசதி இல்லை. அவனுக்குத்தான் அங்குலக் கணக்கு உயிர்க் கணக்காகிறது.

மூன்றாவது வாதம் செலவு. இதில்தான் உண்மையான சூட்சுமம் இருக்கிறது.

செலவை யார் கொடுக்கிறார்கள்?

கட்டும்போது மிச்சம் பிடிப்பவர் ஒருவர். பிறகு ஆயுள் முழுவதும் அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். காண்டிராக்டரின் கணக்குப் புத்தகத்தில் அந்த இரண்டாவது செலவு எழுதப்படுவதே இல்லை. ஆகவே அது இல்லாதது போலவே தோன்றுகிறது.

நம் தோழரின் வீட்டில் அந்தச் செலவை அவர் மனைவி கொடுத்தார். சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கணவரைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போக ஆளில்லாததால் வேலையை விட்டார். தூக்கித் தூக்கி அவர் இடுப்பும் ஒடிந்தது. இப்படி ஒரு வீட்டில் இரண்டு பேருடைய கூலி போயிற்று. ஒன்றை விபத்து கொண்டு போனது. இன்னொன்றைக் கொண்டு போனது, வேண்டிய அளவுக்கு அரை அடி குறைந்த ஒரு கதவு.

தாய்மார்களே, இது உங்களுக்குத் தெரியாத கணக்கல்ல. மாமியாரைக் குளிப்பாட்டுவதும், கால் முறிந்த பிள்ளையை மாடிக்குச் சுமப்பதும், படுக்கையில் கிடப்பவருக்குத் தட்டு எடுப்பதும் யார் தலையில் விழுகின்றன? வீடு சரியாக அமைந்தால் அந்த முதியவள் தானே நடந்து போய்க் குளிப்பாள். அது அவளுக்கும் மானம், உங்களுக்கும் விடுதலை.

ஆகவேதான், இது தருமச் சிந்தையால் தீரும் விஷயம் என்று நாம் நம்பவில்லை. மிச்சம் பிடிப்பவனும் விலை கொடுப்பவனும் வேறு வேறு ஆட்களாக இருக்கும்வரை, கெஞ்சிக் கேட்டால் நடக்காது. விதியாக எழுதினால்தான் நடக்கும். இங்கிலாந்தின் அனுபவம் அதற்குச் சாட்சி.

நம் கோரிக்கைகள்

இந்தக் கூட்டத்தின் சார்பில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: சர்க்கார் பணத்தில் எழும் எந்தப் புது வீடானாலும் படியில்லாத வாசல், மூன்றடி வழிக் கதவு, மட்டமான குளியலறைத் தரை, கைப்பிடி தாங்கும் சுவர் ஆகியவை பிளானிலேயே இருக்க வேண்டும். அவை இல்லாத பிளானுக்கு அனுமதி கூடாது. தனியார் கட்டும் அடுக்குமாடிகளுக்கும் இதே விதி வர வேண்டும்.

இரண்டு: குடியிருப்புகளில் வீடு மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். மேல்மாடியில் இருப்பவர் நோயாலோ விபத்தாலோ வயதாலோ இறங்க முடியாமல் போனால், காலியாகும் கீழ்த்தள வீடு முதலில் அவருக்கே. சிபாரிசுக் கடிதத்துக்கும் கையூட்டுக்கும் அங்கே வேலை இருக்கக் கூடாது. ஒரு வைத்தியரின் சான்று போதும்.

மூன்று: லிப்ட் உள்ள கட்டிடங்களில் லிப்ட் ஓட வேண்டும். ஓடாத லிப்ட், பூட்டிய கதவு. பழுது எத்தனை நாளில் பார்க்கப்படும், மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு என்பது குடியிருப்பவர்களுக்கு எழுத்து மூலம் தெரிய வேண்டும்.

நான்கு: பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, அங்கே வாழப்போகும் முதியவர்களையும் மாற்றுத் திறனாளிகளையும் பெண்களையும் உட்கார வைத்துப் பிளானைக் காட்டிக் கேட்க வேண்டும். கட்டி முடித்துச் சாவி கொடுக்கும் நாளில் கேட்பது கேட்பதாகாது.

நாளைக் காலையிலிருந்து

கடைசியாக, கட்டிடத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை வேலைக்குப் போகிறீர்கள். கழிப்பறைக்கு நிலை வைக்கும் நேரம் வரும்போது மேஸ்திரியிடம் கேளுங்கள்: "இதை அரை அடி கூட்டினால் என்ன?" வீடு கட்டிக்கொள்பவரிடம் கேளுங்கள்: "உங்கள் தாயார் இந்தப் படி ஏறுவார்களா?" பத்துப் பேரில் ஏழு பேர் வேண்டாமென்பார்கள், மூன்று பேர் யோசிப்பார்கள். அந்த மூன்று வீட்டில் யாரோ ஒருவர் பின்னொரு நாள் அடுத்தவர் தோளை எதிர்பார்க்காமல் வாசலைத் தாண்டுவார்.

நம் கொத்தனார் தோழருக்கு இப்போது கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்திருக்கிறது. குடியிருப்புத் தோழர்கள் அலைந்து தேடிப் பிடித்தார்கள். வாசலில் இரண்டு படி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் ஆறு பேர் கலவை குழைத்து, பன்னிரண்டு அடிக்குச் சரிவு போட்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மட்டம் பார்த்தார். "இடது பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது, கிளறிப் போடு" என்று அதட்டினார். கிளறிப் போட்டார்கள்.

கலவை காய்ந்து நாலாம் நாள் மாலை, அவர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். யாரும் தூக்கவில்லை.

தோழர்களே, அந்தப் பன்னிரண்டு அடிச் சரிவைப் பிளானிலேயே போட்டிருந்தால் ஒரு மனிதனின் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். இனி எழும் ஒவ்வொரு வீட்டிலும் அது பிளானிலேயே இருக்க வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். நம் கைகளால் கட்டியும் காட்டுவோம்!